உம்மாவின் வீட்டை விற்க ஒரு நீதிபதி தேவையில்லையா?



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இரவைக்கு வாசியுங்கள். ஆனால் வீட்டு உறுதியை வங்கியில் வைத்திருப்பவர்களும் வைக்கப் போகிறவர்களும் தயவுசெய்து இப்போதே கடைசிவரை வாசியுங்கள்.

போன மாதம் என்னுடைய உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை நான்கு நாள் வரவில்லை. வர்த்தகப் பிரிவில் கெட்டிக்காரப் பிள்ளை. ஐந்தாம் நாள் பிள்ளைக்குப் பதிலாக அவளுடைய உம்மா வந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பேக், அதற்குள் கடதாசிக் கட்டு.

"சேர், கேற்றில நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. புள்ள றோட்டுக்கு வர வெட்கப்படுறா. இந்தக் கடதாசியளப் பார்த்து என்ன நடந்திருக்கு எண்டு ஒருக்கா சொல்லுங்க."

ஏல நோட்டீஸ் தமிழில் இருந்தது. அதை அவர் வாசித்திருந்தார். அவருக்கு வாசிக்க முடியாமல் இருந்தது மற்றக் கட்டு. 2018 இல் அவரே கையெழுத்துப் போட்ட கடன் பத்திரங்கள். எல்லாம் ஆங்கிலம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய கையெழுத்து. கடைசிப் பக்கத்தில், இதையெல்லாம் வாசித்து விளங்கிக்கொண்டேன் என்ற வாசகத்துக்குக் கீழும் அவருடைய கையெழுத்து.

இந்த நாட்டில் வீட்டை விற்கும் அறிவித்தல் தமிழில் வரும். சட்டமே அப்படிச் சொல்கிறது. வீட்டை ஈடு வைக்கும் தாள் மட்டும் தமிழில் வராது.

ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். வங்கியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. இது ஒரு வங்கியின் கதையல்ல. ஒரு சட்டத்தின் கதை. அதோடு எங்கள் ஊர் ஆண்கள் செய்யும் ஒரு வேலையின் கதையும்.

அது யாருடைய வீடு?

கல்முனைக் கரையில் பிறந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. வாப்பா வெளிநாட்டில் காய்ந்து, உம்மா நகையை விற்று, மகளுக்கென்று ஒரு வீடு கட்டி, அவள் பெயரில் உறுதி எழுதி, அதற்குப் பிறகுதான் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். சீதனம் சரியா பிழையா என்பது வேறு விவாதம், இன்னொரு நாள் பேசுவோம். இன்றைக்கு நான் சொல்வது இதுதான்: எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக இருக்கும் ஒரே சொத்து பெரும்பாலும் அந்த வீடுதான். அதனால் எங்கள் ஊர் ஆண் வியாபாரத்துக்கு வங்கிக் கடன் எடுக்கப் போனால் அவர் கொண்டுபோய் வைப்பது பெரும்பாலும் தன் சொத்தை அல்ல. மனைவியின் வீட்டை. இல்லாவிட்டால் உம்மாவின் வீட்டை.

இந்தப் பிள்ளையின் வாப்பா கெட்ட மனிதர் அல்ல. தென்பகுதி நகரம் ஒன்றில் புடவைக் கடை வைத்திருந்தார். 2018 இல் கடையைப் பெரிதாக்க 75 இலட்சம் எடுத்தார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். 2020 இல் கொரோனாப் பூட்டு. அதிலிருந்து தலையைத் தூக்கும்போது 2022.

2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டி வீதத்தை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அவருடைய கடன் மாறும் வட்டிக் கடன். கணக்கை நானே கரும்பலகையில் போடுவதுபோலப் போடுகிறேன். 75 இலட்சத்துக்கு 12 வீதம் என்றால் மாதத்துக்கு வட்டி மட்டும் 75,000 ரூபாய். அதே 75 இலட்சத்துக்கு 28 வீதம் என்றால் மாத வட்டி 1,75,000 ரூபாய். கடை அதே கடை. வாடிக்கையாளரோ பாதி. எந்த வியாபாரி தாங்குவான்?

அவர் ஒழித்து ஓடவில்லை. கட்ட முடிந்ததைக் கட்டினார். 2023 இல் கடையை மூடினார். இப்போது வீட்டில் நோயாளி.

வழக்கில்லாத விற்பனை

இந்த வீட்டை விற்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடவில்லை. எந்த நீதிபதியும் கணக்கைப் பார்க்கவில்லை. "நீ என்ன சொல்கிறாய்?" என்று அந்த உம்மாவை ஒருவரும் கேட்கவில்லை. வங்கியின் பணிப்பாளர் சபை கூடி ஒரு தீர்மானம் எடுத்தது. அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் பராட்டே. ஒல்லாந்தர் விட்டுப்போன உரோம-டச்சுச் சட்டத்தின் சொல். வழக்கில்லாமல் நேரே நிறைவேற்றுவது என்பது அதன் கருத்து. முன்பு இந்த அதிகாரம் இலங்கை வங்கி, மக்கள் வங்கி போன்ற அரச நிறுவனங்களுக்கு அவற்றின் சொந்தச் சட்டங்களில் இருந்தது. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க வங்கிகளினால் கடன் அறவிடுதல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் அதைத் தனியார் வங்கிகளுக்கும் கொடுத்தது.

நடைமுறை இப்படி. தவணை தவறினால் பணிப்பாளர் சபை ஏலத் தீர்மானம் எடுக்கலாம். தீர்மானத்தை வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் போட வேண்டும். கடனாளிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். பிறகு ஏல அறிவித்தல், பிறகு ஏலம். வங்கி ஒரு அடிவிலை குறிக்கலாம். அந்த விலைக்கு ஆள் வராவிட்டால் வங்கியே வாங்கிக்கொள்ளலாம். விற்பனைச் சான்றிதழ் எழுதப்பட்டால் வீடு கைமாறிவிட்டது.

நீதிமன்றம் எங்கே வருகிறது என்று கேட்கிறீர்களா? கடைசியில் வருகிறது. வாங்கியவருக்கு வீட்டைக் காலி செய்து கொடுப்பதற்கு.

கடன் கொடுத்தவரே வழக்காளி, அவரே நீதிபதி, அவரே விற்பவர், சில வேளை அவரே வாங்குபவர். எட்டாம் வகுப்புக் குடியுரிமைக் கல்விப் பாடத்தில் இதை எழுதிக் கொடுத்து, "இதில் நீதி உண்டா?" என்று கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இந்தச் சட்டமே அநியாயம் என்று சொல்லி வழக்குப் போட முடியாதா என்று ஒரு தம்பி கேட்டார். முடியாது. எங்கள் அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரையின்படி, சபாநாயகர் சான்றுரை எழுதிய சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதுதான் எதிர்க்கலாம். 1990 இல் எதிர்த்திருக்க வேண்டும். 1990 இல் கிழக்கு முஸ்லிம்கள் என்ன நிலையில் இருந்தோம் என்று வயதானவர்களைக் கேளுங்கள். உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். சட்டமூலம் வாசித்துக்கொண்டிருக்கவில்லை.

எஞ்சியிருப்பது ஒவ்வொரு ஏலத்தையும் தனித்தனியாக எதிர்ப்பது மட்டும்தான். அப்படி எதிர்த்தவர்கள் எங்களுக்கு ஒரு பெரிய உபகாரம் செய்திருக்கிறார்கள். அதை நாம் அறியாமல் இருக்கிறோம்.

ஒரே தெரு, இரண்டு வீடு

2006 இல் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்கள் கொண்ட ஆயம் ஒரு கேள்வியைத் தீர்த்தது. கடன் எடுத்தவர் ஒருவர், ஈடு வைத்தவர் இன்னொருவர் என்றால், அந்த இன்னொருவரின் சொத்தை வங்கி இந்த 1990 சட்டத்தின் கீழ் வழக்கில்லாமல் விற்கலாமா? பெரும்பான்மைத் தீர்ப்பு: முடியாது. இந்தச் சட்டம் கடன் பெற்றவர் தானே ஈடு வைத்த சொத்துக்குத்தான். மூன்றாம் ஆளின் சொத்து வேண்டுமென்றால் வங்கி ஈட்டுச் சட்டத்தின்படி வழக்குப் போட்டு, நீதிமன்றத் தீர்ப்பு எடுத்துத்தான் விற்க வேண்டும்.

இது என்ன என்று விளங்குகிறதா? மகனுக்காக வீட்டை ஈடு வைத்த உம்மாவுக்கும், கணவனுக்காக ஈடு வைத்த மனைவிக்கும் நீதிமன்றம் கொடுத்த கவசம் இது. எங்கள் ஊர்ப் பெண்களை நினைத்தே எழுதியதுபோல ஒரு தீர்ப்பு.

என் மாணவியின் வீட்டிலிருந்து ஆறு வீடு தள்ளி ஒரு விதவைத் தாய் இருக்கிறார். மகன் லொறி வாங்கக் கடன் எடுத்தார். உம்மாவின் வீடு ஈடு. அவருக்கும் ஏலத் தீர்மானம் வந்தது. கடதாசிகளைப் பார்த்த சட்டத்தரணி கேட்டது ஒரே கேள்வி: "இவ ஈட்டு உறுதியில மட்டுமா கையெழுத்து வெச்சிருக்கா? கடன் ஒப்பந்தத்திலயும் வெச்சிருக்காவா?" ஈட்டு உறுதியில் மட்டும். சட்டத்தரணி 2006 தீர்ப்பை எடுத்துக்கொண்டு போனார். தடை உத்தரவு கிடைத்தது. மகன் இரண்டு லொறியில் ஒன்றை விற்று, வங்கியோடு பேசி, இப்போது தவணை கட்டுகிறார். அந்த வங்கி இடிந்து விழவில்லை. போன வாரம்கூட அங்கே காசு எடுக்க வரிசையில் நின்றேன்.

பிறகு நான் என் மாணவியின் உம்மாவைக் கூட்டிக்கொண்டு அதே சட்டத்தரணியிடம் போனேன். அதே கேள்வி. இந்த உம்மா இரண்டிலும் கையெழுத்துப் போட்டிருந்தார். கடன் ஒப்பந்தத்தில் அவர் ஈடு வைத்தவர் அல்ல. இணைக் கடனாளி. வாழ்நாளில் அந்தக் கடையின் கல்லாவை ஒருமுறைகூடத் திறக்காத பெண், 75 இலட்சம் கடன் பெற்றவர்.

"இந்த இடத்துல சைன் பண்ணுங்க எண்டு விரலால காட்டினாங்க சேர். இவரும் போடு எண்டார். போட்டன்."

சட்டத்தரணி கடதாசியை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வழி முற்றாக இல்லை என்று சொல்லவில்லை. கஷ்டம் என்றார்.

ஒரே தெரு. ஒரே மாதிரி இரண்டு பெண்கள். ஒரே மாதிரி இரண்டு வீடுகள். ஒருத்திக்கு நீதிமன்றம் உண்டு, மற்றவளுக்கு இல்லை. வித்தியாசம் ஒரு தாளில் இருந்த ஒரு சொல்.

இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. ஒரு தீர்ப்பு பெண்ணைக் காப்பாற்றினால், அடுத்த நாள் படிவத்தை மாற்றினால் போதும். "மனைவியையும் கடனாளியாகப் போடுங்கள், அப்போதான் லோன் பாஸாகும்" என்று சொல்லிவிட்டால் கவசம் கழன்றுவிட்டது. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. அதுதான் என் கோபம்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. 2007 இல் உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில், கம்பனியின் கடனுக்கு அதன் பணிப்பாளர்கள் தங்கள் சொந்தச் சொத்தை ஈடு வைத்திருந்தால், கம்பனி என்ற திரையை விலக்கி அவர்களையும் கடன் பெற்றவர்களாகப் பார்க்கலாம் என்றது. பெரிய வியாபாரிகள் கம்பனிக்குப் பின்னால் ஒளிவதைத் தடுக்க அது நியாயமாக இருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் கம்பனி பதிய இரண்டாவது பெயர் வேண்டும் என்று மனைவியை "சும்மா பேருக்கு" டிரெக்டராகப் போடுகிறோமே, அது சும்மா அல்ல என்று இனியாவது விளங்கிக்கொள்ளுங்கள்.

"வங்கி என்ன தர்ம ஸ்தாபனமா?"

இந்தக் கதையைச் சொன்னபோது பாடசாலை விடுதியறையிலேயே மூன்று பதில் வந்தது. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலாவது: "வங்கியில் இருப்பது எங்கள் காசு. கடனைத் திருப்பி எடுக்காவிட்டால் வைப்புச் செய்தவனுக்கு எப்படிக் கொடுப்பார்கள்?"

நியாயமான கேள்வி. வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று எங்கள் மார்க்கமே சொல்கிறது. பல கோடி எடுத்து, பினாமி பெயரில் காணி வாங்கிவிட்டு, "பராட்டே வேண்டாம்" என்று கொழும்பில் பதாகை பிடிப்பவர்களுக்காக நான் எழுதவில்லை. வீட்டை விற்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. விற்பதற்கு முன் ஒரு நீதிபதி பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். கணக்குச் சரியா? அபராத வட்டி சரியா? மீளமைக்க வாய்ப்புக் கொடுத்தார்களா? இது குடியிருக்கும் வீடா, வெறுங்காணியா? கையெழுத்துப் போட்டவருக்கு விளங்கியதா? இந்த ஐந்து கேள்வியைக் கேட்பதால் எந்த வைப்பாளனின் காசு போகப் போகிறது?

இரண்டாவது: "கோட்டுக்குப் போனால் பத்து வருஷம் இழுக்கும்."

உண்மை. அந்த இழுபறியைக் காட்டித்தான் 1990 இல் இந்தக் குறுக்குப் பாதையை வெட்டினார்கள். ஆஸ்பத்திரியில் வரிசை நீளம் என்றால் டொக்டரைக் கூட்ட வேண்டும். டொக்டரே வேண்டாம், கம்பவுண்டரே வெட்டட்டும் என்று யாராவது சொல்வார்களா? வீட்டு ஈடு வழக்குகளை 90 நாளில் முடிக்க வேண்டும் என்று ஒரு விதி எழுதுங்கள். வங்கிக்கும் காசு வரும், உம்மாவுக்கும் ஒரு நீதிபதி கிடைப்பார்.

மூன்றாவது, என்னை அதிகம் நோகடித்தது: "வட்டிக்குப் போனால் இப்படித்தான். அல்லாஹ் கொடுத்த தண்டனை."

வட்டி ஹராம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் நானா, வட்டியைப் பற்றிப் பேசும் அதே சூரதுல் பகறாவில், கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்ற கட்டளையும் அருகிலேயே இருக்கிறது. முதலாவதை மிம்பரில் சத்தமாக ஓதிவிட்டு இரண்டாவதை ஏன் மெல்லமாக ஓதுகிறோம்? ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடனில் மூழ்கியவரும் ஒருவர் என்பது எங்கள் நிர்வாக சபைகளுக்கு மறந்துவிட்டதா? அதோடு வட்டியில்லாப் பிரிவில் எடுத்தாலும் வீட்டு உறுதி ஈடாகத்தான் போகிறது. பெயர் அறபியில் இருக்கிறது என்பதற்காகக் கடதாசியை வாசிக்காமல் விடாதீர்கள்.

நாட்டுக்கு அவகாசம், வீட்டுக்கு ஏலம்

இதையும் யோசியுங்கள். 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி இந்த நாட்டின் அரசாங்கமே, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அறிவித்தது. யாராவது வந்து பாராளுமன்றக் கட்டடத்தின் கேற்றில் நோட்டீஸ் ஒட்டினார்களா? இல்லை. பேசினார்கள். சர்வதேச நாணய நிதியம் வந்தது. வட்டியில் கழிவு, தவணையில் நீடிப்பு. பிணைமுறிக்காரர்களோடு கணக்கு முடிய 2024 டிசம்பர் ஆகியது. இரண்டரை வருடத்துக்கு மேல் அவகாசம்.

2023 இல் உள்நாட்டுக் கடனை மீளமைத்தபோது வங்கிகளின் திறைசேரி முறிகளைத் தொடவில்லை. வங்கித்துறை தாங்காது என்றார்கள். சுமை ஊழியர் சேமலாப நிதியின் மேல், அதாவது தனியார் துறைத் தொழிலாளியின் ஓய்வுகாலக் காசின் மேல் விழுந்தது. 2024 வரவு செலவுத் திட்டத்தில் வங்கிகளின் மூலதனத்தைப் பலப்படுத்த 450 பில்லியன் ரூபாய் ஒதுக்கினார்கள். அது வரிப்பணம். அந்த உம்மா வாங்கும் பால்மா பக்கெற்றிலும் அந்த வரி இருக்கிறது.

அரசாங்கம் கடன் தவறினால் பேச்சுவார்த்தை. வங்கி தடுமாறினால் உதவி. வியாபாரி விழுந்தால் அவன் மனைவியின் வீடு ஏலம்.

நடுவில் ஒரு மூச்சு விட்டார்கள், மறுக்கவில்லை. 2024 இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து பராட்டேயை அந்த வருடம் டிசம்பர் 15 வரை நிறுத்தினார்கள். பிறகு 2025 மார்ச் 31 வரை நீடித்தார்கள். ஏப்ரலில் கத்தி திரும்ப உறையிலிருந்து வந்துவிட்டது. நிறுத்தி வைத்த காலத்தில் சட்டத்தைத் திருத்தியிருக்கலாம். தேர்தல்களை நடத்தினோம்.

2011 இல் ஒரு நல்ல திருத்தம் செய்தார்கள். கடனின் முதல் தொகை, வட்டியும் அபராதமும் சேர்க்காமல், 50 இலட்சத்துக்குக் குறைவென்றால் இந்த 1990 சட்டத்தின்படி ஏலம் போட முடியாது. சிறியவர்களைக் காப்பாற்றும் எல்லை அது. ஆனால் 2011 இல் ஒரு டொலர் ஏறத்தாழ 110 ரூபாய். இன்று ஏறத்தாழ 300. அன்றைய 50 இலட்சம் 45,000 டொலர். இன்றைய 50 இலட்சம் 17,000 டொலர்கூட இல்லை. எண்ணை மாற்றாமலேயே காவலை மூன்றில் ஒரு பங்காக்கிவிட்டார்கள். இன்றைக்கு ஒரு சாதாரணக் கடை போட 50 இலட்சம் போதுமா? அன்று "பெரியவன்" என்று சட்டம் நினைத்த ஆள் இன்று எங்கள் தெருவில் சில்லறைக் கடைக்காரன்.

மற்ற நாட்டில் முடியாதா?

இந்த உரோம-டச்சுச் சட்டம் ஒல்லாந்தர் கப்பலில் இங்கு மட்டும் வரவில்லை. தென்னாபிரிக்காவிலும் இறங்கியது. அங்கே 2004 இல் சில நூறு ராண்ட் கடனுக்காக ஏழைப் பெண்களின் வீடுகள் ஏலம் போன வழக்கை அரசியலமைப்பு நீதிமன்றம் விசாரித்தது. குடியிருக்கும் வீட்டை விற்க நீதிமன்ற மேற்பார்வை வேண்டும் என்று தீர்த்தது. 2011 இல் இன்னும் தெளிவாகச் சொன்னது: பதிவாளர் கையெழுத்துப் போதாது, நீதிபதியே பார்க்க வேண்டும். அங்கே வங்கிகள் மூடப்பட்டனவா? வீட்டுக் கடன் நின்றதா? இல்லை.

அந்த நாட்டு அரசியலமைப்பில் வீட்டுக்கான உரிமை எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் வீடும் இல்லை, சொத்துரிமையும் இல்லை. புதிய அரசியலமைப்பு என்று மேடையில் பேசுபவர்களிடம் இதைக் கேளுங்கள்.

நாம் கேட்க வேண்டியவை நான்கு. குடியிருக்கும் வீட்டை நீதிபதியின் விசாரணை இல்லாமல் விற்கக் கூடாது, விசாரணைக்குக் கால எல்லை வேண்டும். 50 இலட்ச எல்லையை இன்றைய விலைக்கு உயர்த்த வேண்டும். ஏலத்தின் அடிவிலையைச் சுயாதீன மதிப்பீட்டாளர் ஒருவர் குறிக்க வேண்டும். கடன் ஒப்பந்தம் கையெழுத்துப் போடுபவரின் மொழியில் இருக்க வேண்டும். எங்கள் மாவட்ட எம்பிமாரின் பக்கங்களில் கல்யாணப் படத்துக்கு லைக் போடும் நேரத்தில் இந்த நான்கையும் ஒருமுறை ஒட்டிவிடுங்கள்.

நாங்கள் செய்யக்கூடியது

கொழும்பு திருந்தும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்வோம்.

ஒன்று. மனைவியோ உம்மாவோ வீட்டை ஈடு வைத்தே ஆக வேண்டுமென்றால், கடன் ஒப்பந்தத்தில் எந்தப் பெயரில் கையெழுத்துப் போடுகிறார் என்று கேளுங்கள். கடனாளியா, ஈடு வைப்பவரா, பிணையாளியா? மூன்றும் ஒன்றல்ல. அரச வங்கிகளுக்குத் தனிச் சட்டங்கள் இருப்பதால் அங்கே இன்னும் கவனம். வங்கியின் சட்டத்தரணி உங்கள் சட்டத்தரணி அல்ல. சில ஆயிரம் ரூபாய் கொடுத்து உங்களுக்கென்று ஒருவரிடம் காட்டுங்கள்.

இரண்டு. தவணை தவறினால் போனை ஓஃப் பண்ணாதீர்கள். எழுத்தில் மீளமைப்புக் கேளுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நீதிமன்றம் உங்கள் நடத்தையையும் பார்க்கும்.

மூன்று. தீர்மானம் பத்திரிகையில் வந்தால் அன்றே சட்டத்தரணியிடம் போங்கள். நீதிமன்றக் கதவு முற்றாகப் பூட்டில்லை. ஆனால் தட்ட வேண்டியது நீங்கள், அதுவும் ஏலத்துக்கு முன். ஏலத் திகதிக்கு முன் நிலுவையையும் செலவையும் கட்டினால் விற்பனை நிற்கும் என்பதும் சட்டத்தில் உண்டு.

நான்கு. "எங்கள் ஊரில் யாரும் ஏலம் கேட்காதீர்கள்" என்று பதிவு போடுகிறார்கள். நல்ல மனம்தான். ஆனால் யாரும் கேட்காவிட்டால் வங்கியே வாங்கும், அப்போது விலை இன்னும் குறையும். ஏலப் பகிஷ்கரிப்பால் வீடு தப்பாது. வீட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஏலத்துக்கு முன் அந்தக் குடும்பத்தோடு உட்காருங்கள்.

ஐந்து, ஆண்களுக்கு. அது உங்கள் வீடு அல்ல. உங்களுக்குக் குடியிருக்கத் தந்த வீடு. மாமனார் கல்லாகக் கட்டியதை "போடு" என்ற ஒரு சொல்லில் வங்கியில் வைக்காதீர்கள். வைக்கத்தான் வேண்டுமென்றால் அவளுக்கு விளங்கப்படுத்துங்கள். அவள் "வேண்டாம்" என்றால் அது பதில். கோபிப்பதற்கு உங்களுக்கு உரிமை இல்லை.

அந்த உம்மாவின் ஏலம் அடுத்த மாதம். சட்டத்தரணி கடதாசி தயாரிக்கிறார். பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து வங்கியோடு பேச ஒரு தொகை திரட்டுகிறார்கள். பிள்ளை திங்கட்கிழமை வகுப்புக்கு வந்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். முன் வரிசையில் இருந்தவள் பின் வரிசையில் இருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கணக்கீட்டுப் பாடம், அன்றைக்கு வட்டி அத்தியாயம். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு வேறு பாடம் எடுத்தேன்.

இன்ஷா அல்லாஹ், வரும் சனிக்கிழமை முதல் ஒவ்வொரு சனியும் அஸருக்குப் பின் ஊர் வாசிகசாலையில் இருப்பேன். நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் ஆங்கிலக் கடதாசியை வாசித்து இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்ல எனக்கு முடியும். எந்த உம்மாவும், எந்தத் தாத்தாவும் வரலாம். காசு இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாலும் பார்ப்பேன். போடுவதற்கு முதல் வந்தால் நல்லம்.